யூஎஸ்பியில் பூட் ஆகாத 2011 லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெராக்ஸ் கடை நடத்தும் ஓர் அக்காவின் லேப்டாப் இது. 2011இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது. பிற்பாடு விண்டோஸ் 10 ஏற்றியிருக்கிறார்கள். பேட்டரியில் சார்ஜ் நிற்காமல் போய் வெகுநாள் ஆகிறது, சார்ஜர் மாட்டியிருந்தால்தான் ஓடும். கடைக் கணக்குக்கும் பிரின்ட்டுக்கும் வேறு கணினி உண்டு. பயோடேட்டா, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை வாசகம் என்று டைப் செய்து கொடுப்பதற்குத்தான் இந்த லேப்டாப்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதனால் அக்காவின் மகன், கல்லூரியில் படிக்கும் தம்பி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். சரியான முடிவு. மின்ட் 22க்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும். 4 ஜிபி இருந்தால் சிரமமில்லாமல் ஓடும். மின்ட்டை எழுதிய பென்டிரைவும் தயாரானது. ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆன் செய்தால் நேராக விண்டோஸுக்குப் போய் நின்றது.

பழுது பார்க்கும் என்னிடம் வருவதற்கு முன்பே நிறைய செய்து பார்த்திருந்தார்கள். பென்டிரைவைத் திரும்பத் திரும்ப ஃபார்மட் செய்திருந்தார்கள், வேறு பென்டிரைவும் வாங்கியிருந்தார்கள். செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஆஃப் செய்யச் சொன்ன வீடியோவைப் பார்த்துவிட்டு பயாஸுக்குள் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) போய் அந்த வரியைத் தேடியிருக்கிறார் தம்பி. அப்படி ஒரு வரியே அங்கே இல்லை.

“அண்ணா, இதே பென்டிரைவ் என் லேப்டாப்ல சூப்பரா பூட் ஆகுது. பென்டிரைவ்ல தப்பே இல்ல. இந்த லேப்டாப்தான் போயிடுச்சு.”

“உன் லேப்டாப் எந்த வருஷம் வாங்கினது தம்பி?”

“போன வருஷம்தான் வாங்கினோம் அண்ணா.”

பாதி விடை அந்தப் பதிலிலேயே இருந்தது. ஆனால் அந்தப் பாதிக்குப் போவதற்கு முன் வேறு இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

பூட் ஆவது, அதாவது ஆன் செய்ததும் இயங்குதளம் ஓடத் தொடங்குவது, ஒரே நொடியில் நடக்கும் ஒரே வேலை போலத் தோன்றும். உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் பல வேலைகள். முதலில் மதர்போர்டில் இருக்கும் பயாஸ், யூஎஸ்பி போர்ட்டை எழுப்பி அங்கே ஏதாவது செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, ஹார்ட்டிஸ்குக்கு முன்னால் அந்தப் பென்டிரைவைத் தொட வேண்டும் என்று அதற்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அதன்பின் பென்டிரைவில் அந்த பயாஸுக்குப் புரிகிற வகையில் தொடக்க நிரல் இருக்க வேண்டும். அந்த நிரல் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, ஏற்றி, கெர்னல் மீதிக் கோப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாதவரை பென்டிரைவை எத்தனை தடவை ஃபார்மட் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. பழைய லேப்டாப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் கோளாறு இருக்கும். ஒன்றைச் சரிசெய்தாலும் அடுத்தது தடுத்துவிடும். அதனால் முதலில் செய்தது சரியான திருத்தம்தான் என்பதே தெரியாமல் போய்விடும்.

முதலில் விண்டோஸிலேயே ஒரு விஷயம் பார்த்தேன். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறக்கும். அதில் பயாஸ் தேதி என்றொரு வரி, பயாஸ் மோட் என்றொரு வரி. இங்கே தேதி 2011, மோட் லெகசி, அதாவது பழைய பயாஸ் முறை. இந்த இரண்டு வரிகளை யாரும் முதலில் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். செக்யூர் பூட் பரவலாக வந்தது விண்டோஸ் 8 வெளியான 2012 அக்டோபருக்குப் பிறகு. 2011 பயாஸில் அதைத் தேடுவது இல்லாத சுவிட்சைத் தேடுவதுதான். தம்பி பார்த்த வீடியோவில் சொன்னது பொய்யில்லை; அது வேறு காலத்து லேப்டாப்புக்குச் சொன்னது.

அடுத்து எஃப்12. இந்த மாடலில் பூட் மெனுவுக்கான கீ அதுதான். தட்டினால் எதுவும் நடக்கவில்லை. எஃப்2 தட்டி பயாஸுக்குள் போனேன். முதல் பக்கத்தில் தேதி 2011 ஜனவரி 1 என்று இருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன், அதன் பொருள் பின்னால் விளங்கும். அதே பக்கத்தில் கீழே எஃப்12 பூட் மெனு என்ற வரி, எதிரில் டிசேபிள்டு. இப்படிப்பட்ட பயாஸ்கள் நிறைய உண்டு. கீ வேலை செய்யவில்லை என்று கீபோர்டைச் சந்தேகிப்பார்கள். உண்மையில் அந்த வசதியே அணைந்து கிடக்கும். எனேபிள் செய்து, தேதியையும் திருத்தி, எஃப்10இல் சேமித்து வெளியே வந்தேன்.

இப்போது எஃப்12 பட்டியலைக் காட்டியது. ஹார்ட்டிஸ்க், டிவிடி, நெட்வொர்க். பென்டிரைவ் இல்லை.

இது மிக முக்கியமான தகவல். பட்டியலில் பெயரே வரவில்லை என்றால் பென்டிரைவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதிய செயலி ரூஃபஸா வென்டாயா, எந்த ஐஎஸ்ஓ (இணையத்தில் இறக்கிய இயங்குதளக் கோப்பு), எந்த ஃபார்மட் என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் பொருட்டே இல்லை. பயாஸ் அந்தப் பொருளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பென்டிரைவின் விளக்கைக் கவனித்தேன். ஆன் செய்ததும் எரிந்தது, ஆனால் ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. எரிவதற்கு 5 வோல்ட் மின்சாரம் போதும். சிமிட்டினால்தான் யாரோ அதைப் படிக்கிறார்கள் என்று அர்த்தம்.

பென்டிரைவ் இடதுபக்கம் இருந்த நீல நிற போர்ட்டில் இருந்தது. தம்பி அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: அது யூஎஸ்பி 3, வேகமானது. பென்டிரைவும் யூஎஸ்பி 3தான். இயல்பான தேர்வு. ஆனால் இன்டெல் தன் லேப்டாப் சிப்செட்டுக்குள்ளேயே (பிராசசருக்குத் துணையான சிப்) யூஎஸ்பி 3ஐச் சேர்த்தது 2012இல் வந்த 7 வரிசையில்தான். அதற்கு முந்தைய லேப்டாப்களில் நீல போர்ட் இருந்தால், அதற்கென்று தனி சிப் ஒன்று போர்டில் ஒட்டியிருக்கும். என்இசி 2009இல் அறிவித்த சிப், பின்னால் ரெனெசாஸ் பெயரில் வந்தது, அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் இருந்தது. விண்டோஸ் ஓட ஆரம்பித்த பிறகு டிரைவர் இருப்பதால் அந்த போர்ட் அருமையாக வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் வருவதற்கு முன்னால் அங்கே இருப்பது பயாஸ் மட்டும்தான். அந்தத் தனி சிப்புடன் பேசும் நிரல் பயாஸுக்குள் இல்லையென்றால், அந்த போர்ட் அதற்குக் கண்ணிலேயே படாது. பாட்டு காப்பி செய்யும்போது வேலை செய்கிற போர்ட் பூட் சமயத்தில் செத்ததுபோல் இருப்பதன் காரணம் இதுதான்.

வலதுபக்கம் இரண்டு கறுப்பு போர்ட்கள் இருந்தன. லேப்டாப்பை முழுக்க அணைத்து, பென்டிரைவை அங்கே செருகி, அப்புறம் ஆன் செய்தேன். செருகிய பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். பல பழைய பயாஸ்கள் தொடக்கத்தில் ஒரு தடவைதான் போர்ட்களைப் பார்க்கும், நடுவில் செருகினால் கவனிக்காது. இந்தத் தடவை விளக்கு சிமிட்டியது. எஃப்12 பட்டியலில் பென்டிரைவ் தன் பெயரோடு வந்து நின்றது.

தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் சில வரிகள். இந்தப் பென்டிரைவ் ரூஃபஸில் தயாரானது, இது யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாகப் பின்னால் வந்தது) முறையில் மட்டுமே பூட் ஆகும், நீங்கள் பயாஸ் முறையில் பூட் செய்யப் பார்க்கிறீர்கள், இது நடக்காது என்று. தம்பி முகம் வாடிவிட்டது. எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால் அந்த வரிகளைத் திரையில் எழுதியது பென்டிரைவுக்குள் இருந்த நிரல். அதாவது பயாஸ் பென்டிரைவைப் பார்த்தது, படித்தது, அதில் இருந்ததை ஓடவும் விட்டது. முதல் இரண்டு கட்டமும் தேறிவிட்டன, மூன்றாவதுதான் பாக்கி. பிழைச் செய்தி வந்தால் பயந்து அணைத்துவிடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது: ஒன்றுமே வராததைவிட ஏதோ ஒன்று வருவது எவ்வளவோ மேல். அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாவது கட்டத்தின் உள்விவரம் இது. பழைய பயாஸ் கோப்பு என்றால் என்னவென்று அறியாது. அது செய்வது ஒன்றுதான்: டிஸ்கின் முதல் 512 பைட்டை எடுக்கும், கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அதை மெமரியில் வைத்து ஓடவிடும். அந்த 512இல் நிரலுக்கு இருக்கும் இடம் 446 பைட். 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் (டிஸ்கின் பிரிவுகள்) விவரம். இந்த 512 பைட்தான் எம்பிஆர். யூஇஎஃப்ஐ அப்படி இல்லை. அதற்கு ஃபேட்32 பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியும். இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு, அது இருந்தால் எடுத்து ஓட்டும். முதல் 512 பைட்டில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை.

தம்பி ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆருக்குப் பின்னால் வந்த புது முறையான ஜிபிடியைத் தேர்ந்தெடுத்திருந்தார். உடனே அடுத்த பெட்டி யூஇஎஃப்ஐ மட்டும் என்று மாறிவிடும். அவருடைய புது லேப்டாப் யூஇஎஃப்ஐ. அது இந்தப் பென்டிரைவில் தனக்கு வேண்டிய கோப்பைக் கண்டுபிடித்து பூட் ஆகிவிட்டது. அந்தச் சோதனை காட்டியது, பென்டிரைவ் யூஇஎஃப்ஐ கணினிக்குச் சரி என்பதை மட்டும்தான். இந்த லேப்டாப்புக்குச் சரியா என்று அது சொல்லவே இல்லை. இன்னொரு கணினியில் சோதிப்பது நல்ல பழக்கம். ஆனால் அதே தலைமுறைக் கணினியில் சோதித்தால்தான் அதற்கு மதிப்பு. இல்லையென்றால் தப்பான இடத்தில் நம்பிக்கை வைத்துவிடுவோம். இங்கே நல்ல லேப்டாப் ஒன்றைக் காயலான் கடைக்குத் தள்ளும் அளவுக்கு அந்த நம்பிக்கை போயிருந்தது.

மறுபடி எழுதும் முன் ஐஎஸ்ஓ கோப்பைச் சோதித்தோம். மின்ட் தன் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் ஷா256 எண்ணை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவுவது) வெளியிடுகிறது. விண்டோஸில் இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையிலேயே நம் கோப்பின் எண்ணை எடுத்து ஒப்பிடலாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிய கோப்பு, அதனால் சந்தேகம் இருந்தது. எண் பொருந்தியது. பிறகு ரூஃபஸில் எம்பிஆர், பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்று மாற்றி எழுதினோம். நடுவில் பொருத்தமான சின்னக் கோப்பு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கட்டுமா என்று ரூஃபஸ் கேட்டால் சம்மதித்துவிட வேண்டும். இந்த முறையில் எழுதிய பென்டிரைவ் பழைய லேப்டாப், புது லேப்டாப் இரண்டிலும் பூட் ஆகும். மின்ட் போடுகிறவர்கள் ஜிபிடியைத் தேடிப் போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

கறுப்பு போர்ட், எஃப்12, என்டர். மின்ட்டின் மெனு வந்தது, கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டாப்பும் வந்தது. இருட்டிவிட்டதால் நிறுவுவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டோம். அக்கா வழக்கம்போல் சுவிட்சை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலையில் எஃப்12 வேலை செய்யவில்லை. நேராக விண்டோஸ்.

இந்த இடத்தில்தான் முதல் நாள் பார்த்த தேதி உதவியது. பயாஸுக்குள் போனால் மறுபடி 2011 ஜனவரி 1, மறுபடி எஃப்12 பூட் மெனு டிசேபிள்டு. பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் காப்பாற்றுவது மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டன் செல். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது பதினான்கு வருடம் உழைத்து ஓய்ந்துவிட்டது. சாதாரணமாக லேப்டாப்பின் பெரிய பேட்டரியில் உயிர் இருந்தால், செல் செத்ததே வெளியே தெரியாது. பெரிய பேட்டரியே தாங்கிக்கொள்ளும். இங்கே அதுவும் போய்விட்டதால், சார்ஜரைக் கழற்றிய மாத்திரத்தில் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. இந்த மாடலில் மறந்தபின் வரும் இயல்புநிலையில் எஃப்12 அணைந்திருக்கும், ஹார்ட்டிஸ்க் முதலில் இருக்கும்.

அக்காவிடம் கேட்டேன். “காலைல ஆன் பண்ணினா தேதி தப்பா காட்டுமா அக்கா?”

“அது எப்பவும் அப்படித்தான் தம்பி. நெட்டைத் திறந்தா பாதுகாப்பு இல்லன்னு ஏதோ வரும். தேதியை மாத்தினா சரியாயிடும்.”

கடிகாரம் பல வருடம் பின்னால் இருந்தால் வலைத்தளச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், பிரவுசர் எச்சரிக்கும். அக்கா தினமும் காலையில் அந்தக் கோளாறைக் கையால் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கும் பென்டிரைவுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற நியாயமும் இல்லை. பழுது பார்க்கிறவர்தான் கேட்க வேண்டும். பூட் பிரச்சினை என்று யார் வந்தாலும் இந்தத் தேதிக் கேள்வியைக் கேட்பது நல்லது. ‘நேத்து வேலை செஞ்சுது, இன்னைக்கு இல்ல’ என்று சொல்கிறவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

கீழ்மூடியைத் திறந்ததும் ரேம் பக்கத்தில் செல் கிடைத்தது. கறுப்பு உறை சுற்றி, இரண்டு ஒயரோடு, சின்ன பின் கனெக்டரில் செருகியிருந்தது. மல்டிமீட்டரில் 1 வோல்ட்டுக்கும் கீழே. இந்த வகையை மாற்றும்போது ஒயர் வெல்டு செய்த செல்லாகவே வாங்க வேண்டும். வெறும் செல்லை வாங்கி அதன்மேல் நேராகச் சால்டரிங் செய்யக் கூடாது, சூட்டில் வெடிக்கக்கூடும். கனெக்டரில் சிவப்பும் கறுப்பும் இருக்கும் பக்கம் பழையதோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடையில் கிடைப்பவற்றில் ஒயர் இடம் மாறி வருவது உண்டு. செல் மாற்றி, பயாஸை அமைத்து, சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து மாட்டியபோது தேதியும் சரி, எஃப்12ம் சரி.

நிறுவும் முன், பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் மின்ட்டிலிருந்தே அக்காவின் கோப்புகளை வெளி ஹார்ட்டிஸ்குக்கு எடுத்தோம். டி டிரைவ் முதலில் படிக்க மட்டுமே திறந்தது. விண்டோஸ் 10 ஷட்டவுன் செய்யும்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக முழுக்க அணைவதில்லை, பாதியை டிஸ்கில் உறைய வைத்துவிட்டுப் போகிறது. அதனால் லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கிறது. காப்பி எடுக்க அது தடையில்லை. எழுதவும் வேண்டுமென்றால் விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் போதும்.

இதே புகார் வேறு வருடத்து லேப்டாப்பில் வந்திருந்தால் பாதை வேறு. 2013, 2014 மாடல் என்றால் பட்டியலில் பென்டிரைவ் வராததற்கு செக்யூர் பூட்டும் ஃபாஸ்ட் பூட்டும் முதல் சந்தேகம். சில பயாஸ்களில் செக்யூர் பூட் வரி சாம்பல் நிறத்தில், மாற்ற முடியாமல் இருக்கும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால்தான் திறக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள், மறந்தால் பெரிய தலைவலி. அதே காலத்து ஆட்டம் பிராசசர் டேப்லெட், சின்ன லேப்டாப் சிலவற்றில் பிராசசர் 64 பிட், ஆனால் யூஇஎஃப்ஐ 32 பிட். அது தேடும் கோப்பு பூட்ஐஏ32, அது பென்டிரைவில் இல்லையென்றால் பேசாமல் கடந்துவிடும்.

2008 வாக்கில் வந்த நெட்புக் என்றால் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டம் என்270 போன்றவை 32 பிட் மட்டுமே. பென்டிரைவ் பூட் ஆகி, மெனு வந்து, அப்புறம்தான் இந்தக் கெர்னலுக்கு 64 பிட் பிராசசர் வேண்டும் என்ற செய்தியோடு நிற்கும். மின்ட் 22 அதில் ஓடாது; டெபியன் என்ற வேறொரு லினக்ஸின் 12ஆம் பதிப்பில் இருக்கும் 32 பிட் வகை ஓடும். டெபியன் 13இல் அந்த 32 பிட் நிறுவியை எடுத்துவிட்டார்கள். இன்னும் பழைய லேப்டாப்பில் யூஎஸ்பி பூட் வசதியே இருக்காது. பிளாப் பூட் மேனேஜர் என்ற சின்ன நிரலை சிடியில் எழுதி, சிடியில் பூட் செய்து, அதிலிருந்து பென்டிரைவுக்குத் தாவலாம். சில பயாஸ்களில் பென்டிரைவ் தனியாக வராமல் ஹார்ட் டிரைவ் என்ற வரிக்குள் ஒளிந்திருக்கும். அந்த வரிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இருக்கும். என்டர் தட்டி விரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

அக்காவின் லேப்டாப்பில் மின்ட்டின் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நிறுவியாயிற்று. அக்காவின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்ததால் லிப்ரே ஆஃபீஸில் முதலில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தன. எழுத்துருக் கோப்பைக் காப்பி செய்து நிறுவியதும் தமிழாகத் தெரிந்தன. புதிதாக டைப் செய்ய தமிழ்நெட்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். தம்பி பழகிக்கொண்டார், அக்காவுக்கு இன்னும் பாமினி வரிசைதான் கைக்கு வருகிறது. டிஸ்க் செயலியில் ஹார்ட்டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் நிலைமை பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் சில இருக்கின்றன. உடனே ஆபத்து இல்லை, ஆனால் நம்பி இருக்கவும் முடியாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி இதில் நேராகப் பொருந்தும். பொங்கலுக்கு அப்புறம் வாங்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதுவரை வாரத்துக்கு ஒரு தடவை கோப்புகளை வெளி டிஸ்குக்கு எடுத்து வைப்பது தம்பியின் பொறுப்பு.